எடுக்க முடியாத சுவர்

டாக்டர் ஒரே தாளில் இரண்டு கருப்பைகளை வரைந்தார். தலைகீழாகத் தொங்கும் பேரிக்காய் மாதிரி இரண்டு. முதலாவதின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். இரண்டாவதற்கு உள்ளே எதுவும் போடவில்லை. அதன் ஓரத்தை மட்டும் பேனாவால் திரும்பத் திரும்பத் தேய்த்துத் தடிமனாக்கினார். மேசைக்கு இந்தப் பக்கம் ஓரகத்திகள் இருவரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தனியாகப் பேசிக்கொள்ளலாமே என்று டாக்டர் முதலிலேயே கேட்டிருந்தார். வேண்டாம் என்று பெரியவள்தான் சொன்னாள். ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள், எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது என்றாள். சொன்ன நேரத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது.

நடுவில் கோடு போட்டது சின்னவளுடையது. பிறவியிலேயே கருப்பைக்குள் ஒரு தடுப்புச் சுவர். அதில் ரத்த ஓட்டம் சரியாக இல்லை, கரு அதில் போய் ஒட்டினால் தாக்குப்பிடிக்காது, இரண்டு முறை கலைந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. கீழ் வழியாகவே ஒரு சின்னக் குழாயை விட்டு அரை மணி நேரத்தில் வெட்டிவிடலாம், மூன்று மாதம் ஆறவிட்டுக் கரு வைக்கலாம். ஓரம் தடித்தது பெரியவளுடையது. அடினோமயோசிஸ் என்று பெயர். கருப்பையின் உட்புறத்தில் மட்டும் இருக்க வேண்டிய சவ்வு, சுவரின் சதைக்குள்ளேயே புகுந்து வளர்ந்திருக்கிறது. மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிந்து, சுவர் முழுக்க வீங்கிக் கிடக்கிறது. வைத்த மூன்று முறையும் கரு நிற்காமல் போனதற்கு அது காரணமாக இருக்கக்கூடும்.

"அதையும் வெட்டி எடுத்துட முடியாதா டாக்டர்?" என்றாள் பெரியவள்.

"வெட்டி எடுக்கணும்னா அது தனியா ஒரு துண்டா இருக்கணும்மா. உங்களுக்கு சுவரே அதுவாத்தான் இருக்கு." டாக்டர் பேனாவை மூடினார். "உங்க முட்டை நல்லாருக்கு. ஃப்ரீசர்ல இருக்கற கரு ரெண்டும் நல்ல தரம். அது வந்து ஒட்டற எடம்தான் பிரச்சனை. ஊசி போட்டு வீக்கத்தக் குறைச்சுட்டு வைக்கலாம். நிக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

பேருந்தில் வரும்போது அழுதது சின்னவள். ஆபரேஷன் என்ற சொல்லுக்கே அவளுக்கு உதறல். பெரியவள் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து, அரை மணி நேர வேலைக்கு யாராவது இப்படிக் கண்ணைக் கசக்குவார்களா என்று தட்டிக்கொடுத்தபடியே வந்தாள். தட்டிக்கொண்டிருந்த கை தன்பாட்டுக்குத் தட்டியது. மனம் மட்டும் அந்தத் தாளிலேயே கிடந்தது. ஊரில் பெண்கள் நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், வீட்டைப் பார்த்து, வாய்த்த கணவனைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். தான் ஒருத்தியின் நோயைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம் என்பது அவளுக்கே சிரிப்பாக வந்தது. இதை வேறு யாரிடம் சொல்லிச் சிரிக்க முடியும், சின்னவளிடம்தான் சொல்ல முடியும். வாய் வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. நான்கு வருடத்தில் அவளிடம் சொல்லாமல் விழுங்கிய முதல் விஷயம் அது.

பெரியவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒன்பது வருடம். வயது முப்பத்தேழு. பல் மருத்துவர்களுக்கு அச்சுப் பார்த்துப் பல் செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் வேலை. யார் யாருடைய வாயோ பிளாஸ்டர் அச்சுகளாக வந்து அவள் மேசையில் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும். அதில் இல்லாத பல்லுக்கு மெழுகில் பல் செதுக்கி, பிறகு பீங்கானில் கட்டி, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகும்வரை சாயம் ஏற்றுவாள். கை நடுங்காத பெண் என்று அங்கே பெயர். முதல் ஐந்து வருடமும் அந்த வீட்டில் 'ஒண்ணும் இல்லையா?' என்ற கேள்விக்கு ஒரே ஆள் அவள்தான். பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள். கூரியர் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க யாரோடாவது வாயடித்துக்கொண்டிருக்கிற பெண். வந்த வருடமே அவளுக்கு நாள் தள்ளிப்போனபோது பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன்னைத் தயார் செய்துகொண்டாள். ஒன்பதாவது வாரம் கலைந்தது. துணி அலசிக் கொடுத்தது, பக்கத்தில் படுத்து முதுகைத் தடவிக்கொடுத்தது எல்லாம் பெரியவள்தான். பாவம் என்று மனம் நிஜமாகவே உருகியது. கூடவே, துணைக்கு ஒரு ஆள் வந்துவிட்டது என்று ஓர் ஆறுதலும் இருந்தது. அதை அவள் அப்போது உற்றுப் பார்க்கவில்லை.

மறு வருடம் சின்னவளுக்கு இன்னொன்றும் கலைந்தது. அதன் பிறகு நாள் தள்ளவே இல்லை. கொழுந்தனுக்கும் விந்தணு எண்ணிக்கை குறைவு என்றார்கள். இருவரும் ஒரே மருத்துவமனைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரே நாள், ஒரே பேருந்து, ஒரே நிற ஃபைல். இருவரின் கருக்களும் ஒரே ஃப்ரீசரில் இருந்தன. "நம்ம புள்ளைங்க இப்பவே ஒண்ணா வெளையாடிட்டு இருக்குதுங்கக்கா, நமக்குத்தான் தெரியல" என்பாள் சின்னவள். ஊசி என்றால் அவளுக்குக் கண் இருட்டும் என்பதால் பெரியவள் நர்ஸிடம் கற்றுக்கொண்டு வந்து அவளுக்கும் போட்டாள், கண்ணாடியில் பார்த்துத் தனக்கும் போட்டுக்கொண்டாள்.

சின்னவளின் சுவரை வெட்ட இருபத்தைந்து நிமிடம்தான் ஆனது. பெரியவளுக்கு உடம்பில் ரத்தமே குறைவு, மாதாமாதம் அவ்வளவு போகிறது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அந்த மூன்று மாதம் முடிந்த வாரத்தில் சின்னவளுக்குக் கரு வைத்தார்கள். அதே வாரம் பெரியவளுக்கு வீக்கம் வற்ற முதல் ஊசி. மாதம் ஒன்று, மொத்தம் மூன்று. அதைப் போட்டால் உடம்பு தற்காலிகமாக மாதவிடாய் நின்றுபோன உடம்பு போல ஆகிவிடும், கருப்பை சுருங்கும், பிறகு உள்ள கருவை வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சின்னவளுக்கு முதல் முறையிலேயே நின்றது. பன்னிரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டது கணவனை இல்லை, பெரியவளை. பெரியவளும் கட்டிக்கொண்டாள். அழுதாள். அந்த அழுகையில் எது எவ்வளவு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு வீட்டில் ஒரு விசித்திரமான காலம் ஓடியது. ஒருத்தி குளியலறையில் குனிந்து வாந்தி எடுப்பாள். இன்னொருத்தி அடுப்படியில் திடீரென்று கழுத்திலிருந்து தீ ஏறியது போல வியர்த்துக் கொட்ட, ஃபேனுக்கு ஓடுவாள். மாமியார் நல்ல மனுஷி, எதையும் கேலி செய்துதான் ஆறுதல் சொல்லத் தெரியும் அவருக்கு. "எனக்கு நின்னே பத்து வருஷந்தாண்டி ஆச்சு, உனக்கு அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று விசிறியை எடுத்து வீசுவார். பெரியவளும் சிரிப்பாள். ஒருத்திக்கு வயிற்றில் உயிர் துளிர்க்கிறது, நமக்கு முப்பத்தேழில் ஐம்பத்தைந்து வயது உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் சிரிப்புக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். சின்னவளின் வாந்திச் சத்தம் கேட்டால் எல்லாரும் தண்ணீரோடு ஓடினார்கள். அவளும்தான் ஓடினாள். வியர்வைக்குச் சத்தம் கிடையாது.

சின்னவளுக்குத் தினமும் மாலை ஆறரைக்கு ஊசி. எண்ணெயில் கலந்த மருந்து. கரு வேர் பிடித்துத் தானே நிற்கிறவரை அதுதான் அதைத் தாங்குகிறது, பத்தாவது வாரம்வரை விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பெரியவள் வேலையிலிருந்து வந்து கையைக் கழுவியதும் முதல் வேலை அது. குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, கழுத்தை உடைத்து, தடித்த ஊசியால் உறிஞ்சி, வேறு ஊசி மாற்றுவாள். சின்னவள் கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். ஊசியை இறக்கி, லேசாகப் பின்னால் இழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்து, பிறகு கட்டைவிரலால் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். எண்ணெய் என்பதால் ஒரு நிமிடம் பிடிக்கும். மருந்து இறங்கும்போது சதை கடுக்கும். சின்னவள் வலியை மறக்க அன்று கவுண்டருக்கு வந்தவர்களைப் பற்றிக் கதை அளப்பாள். முடிந்ததும் பெரியவள் வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுப்பாள்.

ஏழாவது வாரம் ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்தது. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். டாக்டர் சொல்லவில்லை, வீட்டில்தான் யாரோ. கீழ் அறை பெரியவளுடையது. ஒன்பது வருடமாக அவளுடையது. அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். சாப்பிட்டுக்கொண்டே, இரண்டு மூன்று மாதத்துக்கு நாம் மேலே போய்விடலாம், நமக்கென்ன என்று சொன்னான். நமக்கென்ன என்று அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். அவள் சரி என்றாள். செவ்வாய்க்கிழமை காலையில் துணிமணியை அவளே மேலே ஏற்றினாள். கட்டில் கனம், படி திரும்புமிடத்தில் இடிக்கும் என்று அதை அங்கேயே விட்டார்கள். அலமாரியில் அவள் சேலைகள் இருந்த தட்டில், அவள் வேலைக்குக் கிளம்பும்போதே சின்னவளின் மருந்துகளை மாமியார் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அந்தக் கட்டிலில்தான் சின்னவள் குப்புறப் படுத்திருந்தாள். பெரியவள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். தட்டியதை நினைத்து அவளுக்கே முகம் சுருங்கியது. பஞ்சால் துடைத்து ஊசியை இறக்கினாள். பின்னால் இழுத்துப் பார்த்தாள், ரத்தம் இல்லை. அப்போது சின்னவள் தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்து, "அக்கா, இதக் கேளேன். ஸ்கேன்ல அவர் பிடிச்சது. குதிர ஓடற மாதிரி இல்ல?" என்றாள்.

போனிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சரசரவென்று, அவசரமாக, எங்கேயோ போய்ச் சேர வேண்டிய வேகத்தில். பெரியவளின் கட்டைவிரல் மேலேதான் இருந்தது. அழுத்த வேண்டும். அழுத்தவில்லை. முடிவெடுத்து நிறுத்தினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, விரல் அங்கே கல்லாய் இருந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக எண்ணுவது போல மனதுக்குள் அறுபது எண்ணினாள். ஊசியை வெளியே எடுத்தாள். பஞ்சை வைத்துத் தேய்த்தாள். ஒத்தடமும் கொடுத்தாள்.

"இன்னிக்கு வலிக்கவே இல்லக்கா" என்றாள் சின்னவள் தலையணைக்குள்ளிருந்து. "உன் கையே கைதான்."

பெரியவள் சிரிஞ்சை உள்ளங்கைக்குள் மறைத்துக் குளியலறைக்குப் போனாள். கைகழுவும் தொட்டியில் பீய்ச்சினாள். எண்ணெய் தண்ணீரோடு போகாமல் பீங்கானில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு நின்றது. சோப்புப் போட்டு இரண்டு முறை தேய்த்தாள். இன்னொரு குப்பியை எடுத்துக்கொண்டு போய், பாதிதான் இறங்கியது, இன்னொன்று போட வேண்டும் என்று ஏதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அந்த நினைப்போடு கதவுவரை வந்தாள். உள்ளே மாமியார் சின்னவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள்தானே என்று மேலே ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கே வந்து நின்றாள். மருந்தைக் கடைசிச் சொட்டுவரை இறக்கினாள். அதற்கு மறுநாளும் அப்படியே. சின்னவள் வலிக்கிறது என்று முனகியபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சின்னவள் குளியலறையிலிருந்து அக்கா என்று கூப்பிட்டாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். அந்தக் குரலிலேயே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளாடையில் ரத்தம். பழுப்பு இல்லை, நல்ல சிவப்பு.

மருத்துவமனையில் ஸ்கேன் அறைக்குள் பெரியவளையும் கூட்டிக்கொண்டுதான் சின்னவள் போனாள். கொழுந்தன் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டே, ஊசி ஏதாவது விட்டுப்போனதா என்று கேட்டார். சின்னவள் படுத்தபடியே, "இல்ல டாக்டர். அக்காவேதான் போடறாங்க. ஒரு நாள்கூட விடல" என்றாள். அவள் கை பெரியவளின் கையைப் பிடித்திருந்தது. பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மருந்தின் அளவை வைத்துத்தான் டாக்டர் அடுத்து என்ன செய்வதென்று பார்ப்பார் என்பது பெரியவளுக்குத் தெரியும். தப்பான அச்சை வைத்துக்கொண்டு சரியான பல் செய்ய முடியாது.

"ஒரு நாள் போடல டாக்டர். செவ்வாய்க்கெழம. மறந்துட்டேன்."

சின்னவளின் தலை தலையணையில் மெல்லத் திரும்பியது. டாக்டருக்கு அது ஒரு சாதாரணப் பதில், குறித்துக்கொண்டார். சின்னவளுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு அவள் உடம்பில் ஊசி இறங்கியிருக்கிறது. மறந்த நாள் என்று ஒன்று கிடையாது.  அவள் பிடித்திருந்த கையை, விடுகிறோம் என்று தெரியாதபடி, ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டாள்.

திரையில் துடிப்பு இருந்தது. கருப்பைக்குள், கரு இருக்கும் பைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரத்தம் தேங்கியிருக்கிறது, இந்த நாட்களில் நிறையப் பேருக்கு வருவதுதான், ஒரு நாள் ஊசி போடாததால் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் இனி விடாதீர்கள் என்றார் டாக்டர். பெரியவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இனிமேல் சாகும்வரை எதுவும் கேட்க மாட்டேன் என்று யாரிடமோ வேண்டிக்கொண்டிருந்த மனம் அவிழ்ந்து கொட்டியது. அந்த நிம்மதிக்கு அடியில், நகக்கண்ணில் ஏறிய சிலாம்பு போல ஒன்று உறுத்தியது. அது என்ன என்று பார்க்க அவள் குனியவில்லை. குனிந்தால் தெரிந்துவிடும்.

சின்னவள் டாக்டரிடம் ஊசிக்குப் பதிலாக உள்ளே வைக்கிற மாத்திரையே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் எல்லாரிடமும், டாக்டரே மாற்றிவிட்டார் என்று சொன்னாள். அன்று மாலை மாமியார் கடைக்குப் போயிருந்த நேரம் கீழ் அறை வாசலில் பெரியவள் போய் நின்றாள்.

"செவ்வாய்க்கெழம" என்றாள் சின்னவள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "வலிக்கலன்னு சொன்னேனே, அன்னிக்கா?"

"ஆமா."

"சரி" என்றாள் சின்னவள். பிறகு, "வெளிய போறப்ப கதவ சாத்திட்டுப் போக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் தண்டனை. சின்னவள் யாரிடமும் சொல்லவில்லை, தன் கணவனிடம்கூட. உப்பு எங்கே, துண்டு காய்ந்துவிட்டதா என்கிற அளவுக்குப் பேசினாள், அக்கா என்றுதான் கூப்பிட்டாள். பார்க்க வருகிறவர்களிடம் மாமியார், "பெரியவ கையால தெனம் ஊசி போட்டுத்தான் இது நின்னுச்சு, கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா" என்று சொல்லும்போதெல்லாம் சின்னவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். பெரியவள் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போவாள். வேலை செய்யுமிடத்தில் ஒரு பல்லை இரண்டு முறை தவறாக அரைத்தாள். ரத்தம் பத்து நாளில் நின்றது. வாந்தி நின்றது. வயிறு மெல்ல எழுந்தது. அவ்வளவு நடந்த பிறகும், குனிந்து எழும் சின்னவளின் இடுப்பைப் பார்க்கும்போது பெரியவளின் கை தன் வயிற்றுக்குப் போனது. வெட்கம் வந்தால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தாள். இரண்டும் ஒரே அறையில் சண்டையில்லாமல் குடியிருந்தன.

மூன்றாவது ஊசியும் முடிந்தது. ஸ்கேன் பார்த்து, வீக்கம் நன்றாகவே வற்றியிருக்கிறது, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது, ஒன்றை வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நிற்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டதற்குப் பத்தில் மூன்று என்றார். கரு வைக்கிற நாளன்று காலை அவள் கணவன் சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஏதோ அலுவலகத்தில் லிப்ட் நடுவில் நின்று ஏழு பேர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அவளைப் பார்த்தான். போய்ட்டு வாங்க, அவங்க மூச்சு முட்டிக் கெடப்பாங்க என்றாள். தனியாகவே கிளம்பிச் செருப்பு மாட்டும்போது சின்னவள் கைப்பையோடு அறையிலிருந்து வந்தாள். ஐந்தாம் மாதம். "நான் வரேன்" என்றாள். 

கரு வைக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் உள்ளே தெளிவாகத் தெரியும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, காலைக் காலோடு பின்னிக்கொண்டு பெரியவள் காத்திருப்பு அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்தவருக்கு நேரமாகிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் சின்னவள் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவள், அதை மூடி மடியில் வைத்தாள்.

"உனக்கு மொத தடவ வச்சாங்கல்ல. எனக்கு அப்பதான் கலஞ்சு ரெண்டு மாசம். பன்னண்டு நாளும் நீ படுத்தே கெடந்த. நான்தான் தண்ணி, சாப்பாடு எல்லாம் கொண்டாந்து குடுத்தேன்."

"ஆமா."

"ஒவ்வொரு தடவ குடுக்கறப்பவும் இது நிக்கக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேதான் குடுத்தேன்."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத ஏன் இப்பச் சொல்ற?"

"வேற எப்பச் சொல்றது? இப்பன்னா ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு இருக்க, எந்திரிச்சு வந்து அடிக்க முடியாது."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தாங்காது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். சின்னவளின் வாயும் ஓரத்தில் கோணியது. அடுத்த நொடி அவள் அதை நேராக்கிக்கொண்டாள்.

"ஆனா நான் நெனச்சதோட நிறுத்திட்டேன்க்கா" என்றாள்.

 பெரியவள் அந்தப் பன்னிரண்டு நாட்களை நினைத்துக்கொண்டாள். அந்த முறை நிற்காமல் போனதற்குப் பேருந்து குலுங்கியதைச் சொல்லித் தன்னை நொந்துகொண்டிருக்கிறாள், தும்மியதை, ஒரு நாள் கோபத்தில் கத்தியதை எல்லாம் காரணமாக்கியிருக்கிறாள். அந்தக் கணக்கில் இப்போது இதுவும் சேர்ந்தது. கோபம் வந்தது. கோபத்தோடு இன்னொன்றும் வந்தது, அதை உணர்ந்தபோது அவளுக்குத் தன்மேலேயே வியப்பாக இருந்தது. சின்னவள் வெறுமனே நினைத்தாள், அது நடந்தது. தான் செய்தேவிட்டோம், அது நடக்கவில்லை. இதிலும்கூட அவளுக்குத்தான் கொடுப்பினை.

உள்ளே கூப்பிட்டார்கள். கூட ஒருவர் வரலாம் என்றாள் நர்ஸ். சின்னவள் கேட்காமலேயே எழுந்தாள். இருவருக்கும் நீல மேலங்கி கொடுத்தார்கள். சின்னவளுக்கு அதன் நாடா வயிற்றைச் சுற்றி எட்டவில்லை, நர்ஸ் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். அறை குளிராகவும் அரையிருட்டாகவும் இருந்தது. சுவரில் இருந்த சின்ன ஜன்னல் திறந்து, முகக்கவசம் போட்ட பெண் ஒருத்தி பெரியவளின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டாள். சொன்னாள். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னாள். ஒரு கரு என்று அந்தப் பெண் சொல்லி, ஒரு முடியைப் போன்ற மெல்லிய குழாயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து டாக்டரிடம் கொடுத்தாள். நர்ஸ் ஸ்கேன் கருவியை அடிவயிற்றில் வைத்து அழுத்தினாள். முட்டிக்கொண்டு வந்தது. பெரியவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இடப்பக்கம் திரை. திரைக்கும் அவளுக்கும் நடுவில் சின்னவள்.

"மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க. திரையப் பாத்துட்டே இருங்க" என்றார் டாக்டர். "விடும்போது ஒரு வெள்ளப் புள்ளி மின்னும். அதுக்குள்ளதான் உங்க கரு."

சின்னவள் அதைப் பார்க்கக் குனிந்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள். பெரியவளின் கண்ணுக்கு நேராக நீல மேலங்கியும் பிளாஸ்திரியும் அதற்குள் அந்த வயிறும்தான் இருந்தன. திரையின் ஒரு மூலை மட்டும் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

"இதோ" என்றார் டாக்டர்.

"கொஞ்சம் தள்ளு" என்றாள் பெரியவள்.

சின்னவள் சட்டென்று நிமிர்ந்து, வயிற்றை ஒரு கையால் தன் பக்கமாக அணைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றாள். திரை முழுவதும் திறந்தது. சாம்பல் நிறத்துக்குள் சாம்பல் நிறமாக என்னென்னவோ அசைந்தன. பெரியவள் தலையைத் தூக்கி, கண்ணை இடுக்கி, அதற்குள் வெள்ளையாக எதுவும் நிற்கிறதா என்று தேடினாள்.